ஐந்தாவது ஃபிட்

ஃபிட் என்ற சொல்லை நான் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வேன். சொல்லாவிட்டால் சாப்பாடு கிடையாது. தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற நல்லசிவம் அண்ணாச்சி துணிக்கடையில் ரெடிமேட் பகுதி என் பொறுப்பு. சட்டையைப் பிரித்து, வாங்க வந்தவர் மார்பில் வைத்து, "உங்க அளவெடுத்துத் தச்ச மாதிரி ஃபிட்டு சார்" என்று நான் சொன்னால் அவர் கண்ணாடியைப் பார்ப்பார். நான் பில் புத்தகத்தைத் திறப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது.

எனக்குத் தெரிந்து ஃபிட்டில் நாலு வகை. சட்டை உடம்புக்குப் பொருந்தினால் ஃபிட். துறைமுகத்தில் குழாய் பூட்டுகிற என் மைத்துனன் ஃபிட்டர். காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினால் டாக்டரிடம் வாங்கிவர வேண்டியது ஃபிட் சர்டிபிகேட். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொல்வது "ஃபிட் ஃபார் நத்திங்". ஒரு மனுஷன் பிழைக்க இந்த நாலும் போதும் என்று நினைத்திருந்தேன். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அது என் மகள் தலையில் வந்து விடியும் என்று யார் கண்டது?

மதராஸுக்கு ரயிலேறும்போது எனக்கு இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்து மட்டும்தான் தெரியும். மீதியெல்லாம் சட்டைக் காலரிலும் அட்டைப் பெட்டியிலும் படித்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் குடியிருக்கிற காம்பவுண்டில் யாருக்குத் தந்தி வந்தாலும் "இசக்கிமுத்து அண்ணாச்சியைக் கூப்பிடு" என்பார்கள். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் மனசுக்குள் படித்து, பிறகு முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டு சேதி சொல்வேன். இதுவரை யாரையும் தப்பாகச் சாகடித்ததில்லை. அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

எனக்கு ஒரே மகள், புஷ்பம். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கிவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். 1972 ஐப்பசியில் டெலிபோன் ஆப்பரேட்டர் வேலைக்கு இன்டர்வியூ போய்த் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது டாக்டர் பரிசோதனை ஒன்றுதான். அது முடிந்தால் டிசம்பர் முதல் தேதி ட்ரெயினிங்.

அந்த வேலை அவளுக்கு உயிராக இருந்ததற்குக் காரணம் நான். சாத்தான்குளத்தில் இருக்கிற என் அக்காள் தன் மகனுக்கு இவளைக் கேட்டாள். தையில் முடித்துவிடலாம் என்று இவளைக் கலக்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் அவளே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள்.

"வேலை கெடச்சிட்டா அத்தைக்கு நீங்க லெட்டர் போட்டு இல்லன்னு சொல்லிடணும். கெடைக்கலன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்ப்பா. நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டுறேன்."

சரி என்றேன். சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்தில் அவள் என் மகள்.

டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஃபாரம் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. நாலு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். புஷ்பம் பேனாவை எடுத்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"கவர்மெண்டு ஃபாரம்ட்டி இது. அடிச்சுத் திருத்தினா தூக்கி எறிஞ்சிருவான். நான் எழுதுதேன்" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்தேன். என் மனைவி தங்கம் காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போனாள். என் இங்கிலீஷுக்கு வீட்டில் அவ்வளவு மரியாதை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. சின்னச் சின்ன வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே புள்ளிக்கோடு. பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் 'நோ' என்று போட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் ஒன்று பளிச்சென்று கண்ணில் பட்டது. ஃபிட்ஸ். அட, நம்ம சரக்கு! பெண் இந்த வேலைக்கு ஃபிட்டா என்று கேட்கிறான். ஒரு விதத்தில் என்றால் ஃபிட், எல்லா விதத்திலும் என்றால் ஃபிட்ஸ் என்று எனக்கு நானே இலக்கணமும் சொல்லிக்கொண்டேன். 'யெஸ்' என்று எழுதினேன். மொட்டையாக இருக்கிறதே என்று பக்கத்தில் 'வெரி குட்' என்றும் சேர்த்தேன்.

புஷ்பம் நாலு பக்கத்தையும் வாசித்தாள். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் தானே எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டும் வந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லை. மயிலாப்பூரிலிருந்து நீரஜா என்று ஒரு டீச்சரம்மா வந்தார்கள். வாடிக்கைக்காரர்தான். தன் தம்பிக்குச் சட்டை வேண்டும் என்று, அளவுக்கு அந்தத் தம்பியின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் எடுத்துப் போட்டதையெல்லாம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"கழுத்து இன்னும் லூஸா வேணும். அவனுக்கு ஃபிட்ஸ் உண்டு."

"ஃபிட்ஸ் இல்லாம எப்படிம்மா? நம்ம கடைச் சட்டை போட்டா ஊருக்கே ஃபிட்ஸ்தான்!" என்று சிரித்தேன்.

அந்தம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன பேசறேள்? வியாதியை வெச்சுண்டு பரிகாசமா? வலிப்புன்னு சொல்றேன், சிரிக்கறேளே! கையும் காலும் இழுத்துண்டு வாயில நுரை தள்ளும். இறுக்கமா பட்டன் போட்டிருந்தா மூச்சு முட்டிடும். உங்காத்துல ஒருத்தருக்கு ஃபிட்ஸ் வந்தா தெரியும்."

சட்டை வாங்காமலே படியிறங்கிப் போய்விட்டார்கள். கல்லாவில் இருந்த அண்ணாச்சி தன்னுடைய ஃபிட் ஃபார் நத்திங்கை எடுத்து வீசினார். அது என் காதில் விழுந்ததே தவிர மனசில் விழவில்லை. மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் மகளுக்கு வலிப்பு உண்டா? யெஸ். வெரி குட்.

மடித்து வைத்த சட்டைகள் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். உள்ளங்கை ஈரம் சட்டையில் படிந்துவிட்டது. ஆல்டரேஷன் தைக்கிற மெஹபூப் பாஷா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சு? பிரஷரு கிஷரு கீதா?"

அவனிடம் மட்டும் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அவன் சிரிப்பான் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"இதுக்குப் போயி பயந்துகினு கீறியே! ஆபீஸுக்குப் போ. அர்த்தம் தெரியாம எழுதிட்டோம், பொண்ணுக்கு ஒண்ணியும் இல்லன்னு சொல்லு."

"டெலிபோன் வேலை பாஷா. நாள் முழுக்க இங்கிலீஷ்ல பேசணும். ஃபிட்ஸ்னா என்னன்னு தெரியாத பிள்ளையை எவன் வேலைக்கு வைப்பான்?"

பாஷா வாயில் இருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டான். "அப்போ நீதான் எழுதினேன்னு சொல்லிக்கோ" என்றான்.

அதைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதென்றால் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. இருந்தாலும் மகள் வாழ்க்கை. வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. பயம் பாதி, வெட்கம் பாதி. வெட்கம்தான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றிலிருந்து வேறொரு பயமும் பிடித்துக்கொண்டது. வாயால் சொன்னாலே பலித்துவிடும் என்று நம்புகிற ஆள் நான். கையால் எழுதியே கொடுத்துவிட்டேனே! அதுவும் கவர்மெண்டுக்கு! வியாழக்கிழமை காலையில் புஷ்பம் துவைக்கிற கல்லிலிருந்து எழுந்து வந்தவள், சோப்புத் தண்ணீரில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றாள். கை நடுங்கிய மாதிரி தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி, அவள் கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா இது?"

"பிடி! விட்டுராத!"

தங்கம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வழுக்கி விழுந்த பிள்ளைக்குச் சாவி என்னத்துக்குக் குடுக்கீய? அவளுக்கு என்ன வலிப்பா வந்திருக்கு?"

"வாயக் கழுவுட்டி!" என்று கத்தினேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் தங்கத்தைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புஷ்பம் சாவிக்கொத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் குளிக்கப் போகிற மாதிரி துண்டை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போனேன். மருத்துவ ஃபாரங்களைப் பார்க்கிற கிளார்க்கின் மேஜையில் சுந்தரராமன் என்று பெயர்ப் பலகை இருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரும் யாரோ ஒரு பெண்ணுக்கு அப்பாதான். சுந்தரராமன் அவரைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"கேண்டிடேட் தன் கையாலே எழுதணும்னு மொதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நீங்க எழுதிக் குடுத்தா அதுக்குப் பேர் என்ன? பொய்ப் பிரமாணம். பொண்ணு கையெழுத்து வேற போட்டிருக்கா. இந்தக் கேஸ் கேன்சல், போங்கோ!"

அந்தக் கொட்டை எழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. 'ஓன் ஹேண்ட்ரைட்டிங்.' நான் அதை 'ஒன்' என்று படித்து, இரண்டு பேர் மாற்றி மாற்றி எழுதக் கூடாது, முழுக்க ஒரே கையெழுத்தாக இருக்க வேண்டும் என்று அர்த்தம் பண்ணியிருந்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னால் பொய்ப் பிரமாணம். புஷ்பம்தான் தெரியாமல் எழுதினாள் என்று சொன்னால் இங்கிலீஷ் தெரியாத ஆப்பரேட்டர். ஒன்றும் சொல்லாவிட்டால் வலிப்புக்காரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சாத்தான்குளம்.

"உங்களுக்கு என்ன?" என்றார் சுந்தரராமன்.

"என் மக ஃபாரத்த ஒரு தடவ பாக்கணும் சார். பேரு புஷ்பம்."

"அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. இங்க இருந்தாலும் காட்ட மாட்டேன். என்ன விஷயம்?"

"அவ ஒடம்பு சம்பந்தமா ஒண்ணு…"

"உடம்புன்னா எனக்கென்ன தெரியும்? ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கோ, டாக்டருக்கு அனுப்பிடறேன்."

தமிழில் எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தமிழில் எழுதினால் வீட்டில் இங்கிலீஷ் வாடையே கிடையாது என்று டாக்டர் நினைத்துவிடுவாரே! பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்கு வருகிற கடிதங்களை நினைத்துப் பார்த்து, வியர்க்க வியர்க்க இங்கிலீஷில் எழுதினேன். 'சார், மை டாட்டர் புஷ்பம் நோ ஃபிட்ஸ்.' படித்துப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது. கடைசியில் ஒரு 'நவ்' போட்டேன். அதற்கு 'இப்போது' என்று அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன், எழுதுகிற இந்த நிமிஷம்கூட அவள் நன்றாக இருக்கிறாள் என்று டாக்டருக்கு உறைக்கட்டுமே! கீழே 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' போட்டு என் பெயரை எழுதினேன். சுந்தரராமன் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம்முடைய இங்கிலீஷில் அசந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்போதும் புத்தி வரவில்லை பாருங்கள்.

அடுத்த புதன்கிழமை ஒரு கார்டு வந்தது, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி. புஷ்பம் அதை இரண்டு தடவை படித்தாள்.

"தகப்பனாரோட வரணும்னு போட்டிருக்குப்பா. என்கூட செலக்ட் ஆன பொண்ணுங்க நாலு பேரு போய்ட்டு வந்துட்டாங்க. யாருக்கும் இப்படி வரலியே?"

"ஒனக்கு வயசு பத்தலன்னு கூப்பிடுதானோ என்னமோ."

"இருபது ஆயிடுச்சேப்பா."

"அப்போ அதுக்காக இருக்கும்" என்று உளறினேன். அவள் மேலே கேட்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்து எனக்கும் இறங்கவில்லை. தங்கம் எங்கள் இருவருக்கும் வயிறு சரியில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மந்தைவெளியில் பஸ் ஏறி இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். கண்டக்டர் வந்தான், ஆள் இறங்கினார்கள், ஏறினார்கள், ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் பெயர் கனகராஜ். ஐம்பது வயசு இருக்கும், என் வயசுதான். நர்ஸம்மா புஷ்பத்தை உள்ளே கூட்டிப்போய் எடை, உயரம், கண், காது எல்லாம் பார்த்து அனுப்பினார்கள். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"பொண்ணு ஆரோக்கியமா இருக்கா. அதுல சந்தேகம் இல்ல" என்று ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வார்த்தையில் அதை எடுத்துவிட்டார். "ஆனா ஒரு விஷயம் எனக்குப் புரியல. இந்த ஃபாரத்துல ஃபிட்ஸ் உண்டான்னு கேட்டதுக்கு நோன்னு எழுதியிருக்கு."

"நோவா?" என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை.

ஃபாரத்தை என் பக்கம் திருப்பினார். மூன்றாம் பக்கம். அதே பட்டியல், அதே புள்ளிக்கோடு. ஃபிட்ஸ் என்பதற்கு எதிரே 'நோ'. எழுத்து குண்டு குண்டாக, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு இருந்தது. அது என் எழுத்து இல்லை. என் எழுத்து பில் போட்டுப் போட்டு நெட்டுக்குத்தலாக இருக்கும். இது புஷ்பத்தின் எழுத்து. முழு ஃபாரமும் அவள் எழுத்து.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஃபாரத்துல நோ. சரி. அப்புறம் நீங்க எழுதினதுன்னு இந்த லெட்டர் வந்திருக்கு." டாக்டர் என் காகிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்தார். "நோ ஃபிட்ஸ் நவ். இப்போ இல்லன்னா, முன்னாடி இருந்துதுன்னுதானே அர்த்தம்? யாரும் கேக்காம ஒரு அப்பா வந்து, என் பொண்ணுக்கு இப்போ வலிப்பு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறார். நான் என்னன்னு எடுத்துக்கிறது? வலிப்பு இருக்கறது குத்தம் இல்லீங்க. மறைக்கறதுதான் குத்தம். இவ காதுல ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு ராத்திரி ஷிஃப்ட்டுல டெலிபோன் போர்டு முன்னாடி உக்காரணும்."

நான் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. என் தப்பை அவள் என்றைக்கோ சரிசெய்துவிட்டாள். சரியாக இருந்ததை நான் போய்க் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

டாக்டர் அவளிடம் கேட்டார். "ஏம்மா, உனக்கு எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ உங்க அப்பா எதுக்கு இப்படி எழுதினார்?"

புஷ்பம் மேஜை மேல் இருந்த என் கடிதத்தைப் படித்தாள். ஒரே வரிதானே, எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? படித்து முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாவிக்கொத்து, நான் தங்கத்திடம் கத்தியது, சாப்பாடு இறங்காதது எல்லாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது சார், தெரிந்த மாதிரி எழுதிவிட்டார் என்று சொன்னால் டாக்டர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"தெரியாது சார்" என்றாள்.

"தெரியாதுன்னா எப்படிம்மா? யோசிச்சுச் சொல்லு. இது இப்படியே இருந்தா நான் அன்ஃபிட்னுதான் எழுத முடியும். நரம்பு டாக்டர் ஆறு மாசம் வெச்சுப் பாத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னா அப்புறம் யோசிக்கலாம்."

ஆறு மாசம். ட்ரெயினிங் போய்விடும். அதற்குள் தையில் கல்யாணமும் முடிந்துவிடும். அவளுக்கு அது தெரியாதா? தாவணி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். விரல் நுனி வெளுத்துவிட்டது.

"தெரியாது சார்" என்று மறுபடியும் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் சொல்ல மாட்டாள். வேலை போனாலும் சொல்ல மாட்டாள். பிடிக்காதவனுக்குக் கழுத்தை நீட்டினாலும் நீட்டுவாளே தவிர, ஒரு மூன்றாம் மனுஷன் முன்னால் என் அப்பாவுக்குத் தெரியாது என்ற வார்த்தை இவள் வாயிலிருந்து வராது. எத்தனை வருஷமாகத் தெரியும் இவளுக்கு? நான் தந்தி படித்துக் காட்டியபோதெல்லாம் பின்னால் நின்று தானும் படித்துக்கொண்டுதான் இருந்தாளா? நான் தப்பாகச் சொன்னால் அப்புறமாகப் போய் அவர்கள் காதில் சரியாகச் சொல்லிவிட்டு வந்தாளா? தூ, என்ன மனுஷன் நான்!

"டாக்டர் ஐயா" என்றேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க."

புஷ்பம் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பா…"

"நீ சும்மா இரு." டாக்டர் பக்கம் திரும்பினேன். நிறுத்தினால் மறுபடியும் சொல்ல முடியாது என்று தெரியும், அதனால் மூச்சு விடாமல் கொட்டினேன். "ரெடிமேட் கடையில சட்டை விக்கேன் ஐயா. ஃபிட்டுன்னா எனக்குச் சட்டைதான். மொதல்ல இந்த ஃபாரத்த எழுதினது நான். ஃபிட்ஸ் யெஸ், வெரி குட்டுன்னு எழுதி வச்சேன். வேலைக்கு லாயக்கான்னு கேக்கான்னு நெனச்சேன். கடைக்கு வந்த ஒரு அம்மா சொல்லித்தான் அது வலிப்புன்னு தெரியும். இவ அதத் தூரப் போட்டுட்டு வேற எழுதிக் குடுத்திருக்கா. அது எனக்குத் தெரியாது. தெரியாம ஓடிப்போயி அந்த லெட்டர எழுதினேன். நவ்னு சேத்தா அழுத்தமா இருக்கும்னு சேத்தேன். இவளுக்கு ஒண்ணும் கெடையாது. சீக்கு எனக்குத்தான்."

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்புகிறாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. மெதுவாக ஃபாரத்தை எடுத்து அதே பட்டியலில் விரலை வைத்தார்.

"மொதல்ல நீங்கதான் எழுதினீங்கன்னா, இதுக்கு என்ன எழுதினீங்க?" விரலுக்கு மேலே இருந்ததைப் படித்தார். "பைல்ஸ்."

அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. "அதுவா ஐயா? சர்டிபிகேட் எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு வச்சிருக்கோம்லா. அதனால 'ஆல் ரெடி'ன்னு எழுதினேன். மொத எழுத்து 'பி'ன்னு இருந்துச்சு. கவர்மெண்டு அச்சாபீஸ்ல தப்பா அடிச்சிட்டான்னு நெனச்சு, அதையும் பேனாவால 'எஃப்'புன்னு திருத்திக் குடுத்தேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "பைல்ஸ்னா மூலம்ங்க, மூல வியாதி!" என்று சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாமலே தானும் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கடிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலுக்குள் தள்ளினார். பிறகு சர்டிபிகேட்டை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதி எங்களிடம் காட்டினார்.

"பாத்துக்குங்க. கடைசியில எஸ் இல்ல."

நாங்கள் கும்பிட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினோம். டாக்டர் புஷ்பத்திடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அவளும் இங்கிலீஷில், கொஞ்சம்கூடத் தடுமாறாமல் என்னவோ சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. டாக்டர் தலையை ஆட்டினார். எனக்கு 'ஃபாதர்' என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. அக்காளுக்கு இன்றைக்கே ஒரு கார்டு போட வேண்டும், நல்லவேளை அது தமிழில் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்பம்ட்டி மாத்தின?" என்று கேட்டேன்.

"குடுக்கப் போன அன்னிக்கேப்பா. ஆபீஸ் கவுண்டர்ல இன்னொரு ஃபாரம் வாங்கி, அங்கயே நின்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா?"

"காலையில இருந்து எவ்ளோ ஆசையா உக்காந்து எழுதினீங்க. எப்படிச் சொல்றது?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். பிறகு கேட்டேன். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் இங்கிலீஷில் ஒருவர் பேசியதற்கு இன்னொருவரிடம் நான் அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கடைசியில டாக்டர் ஒங்கிட்ட என்ன கேட்டாரு?"

"இனிமேலாவது உங்க வீட்டு ஃபாரம் எல்லாம் நீயே எழுதுவியாம்மான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"இல்ல சார், எங்கப்பாதான் எழுதுவாங்க, நான் பக்கத்துல உக்காந்துக்குவேன்னு சொன்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும் என்று அழுதேன்.